கடற்பஞ்சு ரீச்சர்

ஆசிரியர் அறையின் தேநீர் மேசையில், சீனிப் போத்தலுக்கும் கோப்பைகளுக்கும் நடுவே, ததும்பத் ததும்ப ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்ததுதான் அவரைப் பற்றிய என் முதல் ஞாபகம். நான் அப்போது வவுனியாவிலிருந்து மாற்றலாகி, திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்க வந்திருந்தேன். வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. குளத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஊரின் எல்லாத் தெருக்களும் ஏதோ ஓரிடத்தில் கடலில் முடிவது எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

"புது ரீச்சர், இஞ்ச வாரும். இதைப் பாரும்" என்றார்.

வாளிக்குள் கடல்தண்ணீர். அடியில் ஒரு கல். கல்லின்மேல் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த விரல்கள் போல எதுவோ முளைத்திருந்தது. ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு துவாரம். கடலில் வளரும் ஏதோ பூண்டு என்று நினைத்தேன். அப்படியே சொன்னேன்.

"பூண்டில்லை. பிராணி. கடற்பஞ்சு. கண்ணில்லை, வாயில்லை, மூளையில்லை. கிடந்த இடத்தை விட்டு அசையாது. என்னண்டு சீவிக்குது எண்டு சொல்லும் பாப்பம்."

அவர் கைப்பையைத் திறந்து, வெள்ளைச் சட்டைக்குப் போடும் நீலத்தை எடுத்தார். ஒரு கோப்பையில் கொஞ்சம் கடல்தண்ணீர் எடுத்து அதில் ஒரு சிட்டிகை கரைத்தார். பேனைக்கு மை விடும் குழாயால் அதை உறிஞ்சி, அந்த விரல்களின் அடிப்பக்கத்தில் மெல்ல மெல்ல விட்டார். நீலம் அங்கேயே கலங்கி நின்றது. தேநீருக்கு வந்த மற்ற ஆசிரியர்கள் இது பழகிப்போனவர்களாக வாளியைச் சுற்றிக் கையை நீட்டிச் சீனி போட்டுக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் ஒரு விரலின் நுனித் துவாரத்திலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி நீல இழையொன்று நேராக மேலே எழும்பியது. பிறகு இன்னொரு விரலிலிருந்து. பிறகு எல்லாவற்றிலிருந்தும்.

"உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளையள். அதால தண்ணியை இழுத்து, அதில இருக்கிற தீனியை வடிச்சு எடுத்திட்டு, மிச்சத்தை மேல விடுது. இரவு பகலா இதுதான் தொழில்" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதை அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர் போல இருந்தது.

பாடசாலை முழுவதும் அவருக்குக் கடற்பஞ்சு ரீச்சர் என்றுதான் பெயர். அது அவர் காதுக்கு எட்டாது என்று பிள்ளைகள் நம்பினார்கள். உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தார். ஒல்லியான உருவம், நாற்பதுகளின் நடுவில் வயது, கல்யாணம் செய்யவில்லை. கஞ்சி போட்ட பருத்திச் சேலை. வேகமான நடை. அந்த நடை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மதிலில் ஊரும் மயிர்க்கொட்டிக்காகவும் நிற்பார், பேருந்து நிலையத்தில் பழைய குடை தைப்பவருக்காகவும் நிற்பார். "இது என்னண்டு சீவிக்குது?" என்பதுதான் எதைக் கண்டாலும் அவர் கேட்கும் கேள்வி. மனிதர்களிடம் அது "என்னண்டு சீவிக்கிறியள்?" என்று மாறும். மற்றவர்கள் கேட்டால் வம்பாகத் தோன்றும் கேள்வி. அவர் கேட்டால் சனங்கள் உட்கார்ந்து பதில் சொன்னார்கள். பதிலை அவர் கடைசிவரை கேட்பார் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பவளப்பாறையை அங்கே முருகைக்கல் என்பார்கள். அதையும் அதில் வாழும் உயிர்களையும் வருடக்கணக்காகப் படிப்பித்த அவர், கடலுக்கு அடியில் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பிறந்தவர்தான். ஆனால் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. தன் விருப்பப்படி போய்வரக்கூடிய வயது வந்தபோது யுத்தம் வந்துவிட்டது. யார் கடலுக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் கடற்படையின் கையில் இருந்தது. நிலாவெளிக்கு எதிரே, புறாமலை என்ற சிறு தீவைச் சுற்றி, பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரத்தில் எட்டிவிடக்கூடிய தூரத்தில் அந்த உலகம் கிடந்தது. அவரிடம் இருந்தவை புத்தகத்தின் நிறப் படங்களும், கரையில் ஒதுங்கிய வெள்ளைக் கற்களும், கரைவலை இழுப்பவர்கள் எப்போதாவது கொடுக்கும் கடற்பஞ்சும்தான்.

ஒருநாள் வகுப்பில் அந்த வெள்ளைக் கல்லொன்றைக் காட்டிப் படிப்பித்துக்கொண்டிருந்தாராம். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், எங்கட அப்பா இதைத்தான் உடைக்கிறவர்" என்றிருக்கிறாள். ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து, நகரத்துக்கு வெளியே முகாமில் இருந்த பிள்ளை அவள். தகப்பன் சுண்ணாம்புச் சூளைக்காகக் கடலில் முருகைக்கல் உடைக்கிறார்.

அன்று பின்னேரமே ரீச்சர் முகாமுக்குப் புறப்பட்டார். என் வாடகை அறைக்குப் போகும் வழி அதுதான் என்பதால் நானும் கூடப் போனேன். சண்டைக்குப் போகிறவரின் நடை.

தகப்பனார் கூடாரத்துக்கு வெளியே கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உயரமான, கறுத்த மனிதர். எங்களைக் கண்டதும் பதறி எழும்பினார்.

"வாங்கோ ரீச்சர். பிள்ளை ஏதும் பிழை விட்டவளோ?"

"பிள்ளை ஒரு பிழையும் விடேல்லை. நீங்கள் சூளைக்குக் கல்லுடைக்கிறனீங்களாம்?"

"ஓம்."

"அது கல்லில்லை, அண்ணை. உயிர். சின்னச் சின்னப் பிராணியள் கோடிக்கணக்கில சேந்து கட்டின வீடு. ஒரு விரலளவு உயரவே வருசம் வேணும். மீன் குஞ்சு வளர்றதும் அதுக்குள்ளதான். நீங்கள் அலவாங்கால ஒரு குத்துக் குத்தினால் எங்கட அப்பா காலத்தில தொடங்கினது போயிடும்."

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "மீன் அதுக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியும் ரீச்சர். நான் மீன்பிடிகாரன். தோணியும் வலையும் அங்கயே விட்டிட்டு வந்தனான். இஞ்ச கடலுக்குப் போக எனக்கு நேவிப் பாஸ் இல்லை. சூளைக்காரற்ற தோணியில கரையோட போகலாம். வேற என்ன செய்யச் சொல்லுறியள்?"

ரீச்சர் கூடாரத்துக்குள் பார்த்தார். மூன்று கல் வைத்த அடுப்பு, கவிழ்த்து வைத்த ஒரு பானை, மூலையில் மகளின் புத்தகங்கள். கஞ்சி போட்ட சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"சரி. சொல்லுங்கோ, என்னண்டு சீவிக்கிறியள்?"

நேரம் போனது தெரியாமல் இருவரும் கதைத்தார்கள். எந்த நேரம் போவார், எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பார், கை எங்கே வெட்டுப்படும், எந்தக் கல் சுகமாகப் பெயரும், எது பெயராது, உடைக்கும்போது எந்த மீன் ஓடும், எது ஓடாமல் கிட்ட வந்து நின்று பார்க்கும். கேட்கக் கேட்க ரீச்சரின் கண் பெரிதாகிக்கொண்டே போனது. தான் படிப்பித்த எல்லாவற்றையும் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒருவர் எதிரில் இருக்கிறார். அவர்தான் அதை உடைக்கிறவரும்.

எழும்பும்போது மட்டும் கேட்டார்: "செத்து வெள்ளையாக் கிடக்கிறதை எடுங்கோவன், அண்ணை. கையில வழுவழுவெண்டு பட்டால் அது உயிர். அதை விட்டிடுங்கோ."

"ஏலுமான மட்டும் பாக்கிறன்" என்றார் தகப்பனார். ஓம் என்று அவர் சொல்லவில்லை என்பதை நாங்கள் இருவரும் கவனித்தோம்.

திரும்பி வரும்போது ரீச்சர் சொன்னார்: "சண்டை பிடிக்கத்தான் வந்தனான். அந்த மனுசனுக்கு என்ன மறுமொழி சொல்லுறது? எனக்குத் தெரியேல்லை." தெரியவில்லை என்பதை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் ஆசிரியரை நான் அதுவரை கண்டதில்லை. அடுத்த நாளிலிருந்து அவருடைய மத்தியானச் சாப்பாடு இரண்டு பொட்டலமாக வந்தது. அந்தப் பிள்ளை தன்னோடு இருந்துதான் சாப்பிட வேண்டும் என்றும், தனிய இருந்து சாப்பிடத் தனக்கு ஏலாது என்றும் அவளிடம் சொல்லிவைத்தார்.

அதன் பிறகு தகப்பனார் இடையிடையே பாடசாலை வாசலுக்கு வாளியோடு வந்தார். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, எலுமிச்சை மஞ்சளில் ஒன்று, பூந்தொட்டி போல வாய் அகன்ற ஒன்று. கடற்பஞ்சைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் துளைகளுக்குள் காற்று அடைத்துச் செத்துவிடும். அதனால் வாளியைக் கடலுக்குள் அமிழ்த்தி, தண்ணீரோடேயே அள்ள வேண்டும் என்று ரீச்சர் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவையெல்லாம் உடைத்த கல்லில் ஒட்டியிருந்தவை. அது ரீச்சருக்கும் தெரியும். காலையில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, பாடசாலை விட்டதும் கோட்டைக்குப் பக்கத்துக் கடற்கரைக்குப் போய், பாறை இடுக்கில் தண்ணீருக்குள்ளேயே அவற்றை இறக்கிவிடுவார். உயிர் பிழைக்குமா என்று கேட்டால், "சிலது பிழைக்கும்" என்பார்.

அப்படிப் போகும் வழியில்தான் அந்தச் சோதனைச் சாவடி. ஒருநாள் நானும் கூடப் போனேன். பணியில் புதிய இராணுவப் பெடியன் ஒருவன். மீசை சரியாக அரும்பவில்லை. வாளியைக் கண்டதும் துப்பாக்கியை நிமிர்த்தினான்.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

ரீச்சருக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். கடலில் இருக்கிற பிராணி என்று ஏதோ சொன்னார். அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. வாளிக்குள் கையை விட்டு அதைத் தூக்கப் போனான்.

"எபா! எபா!" என்று ரீச்சர் கத்தினார். வேண்டாம் என்று அர்த்தம். கத்தியதோடு நிற்கவில்லை, அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற சனங்கள் ஓரடி பின்வாங்கினார்கள். காவலரணுக்குள் இருந்த மற்றவன் எழும்பினான்.

ரீச்சர் கையை எடுத்தார். வெளியில் எடுத்தால் செத்துவிடும் என்று பாதி சிங்களத்திலும் பாதி சைகையிலும் காட்டினார். பிறகு வாளியை நடுவீதியிலேயே கீழே வைத்துக் குந்தியிருந்து, கைப்பையிலிருந்து நீலத்தை எடுத்தார். அந்தப் பெடியன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அவர் அவனைக் கையால் கூப்பிட்டு, பார் என்றார். அவன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தான். நீல இழை மேலெழும்பியபோது அவன் முழங்கால் நிலத்தில் பட்டுவிட்டது.

"பண தியெனவாத?" உயிர் இருக்கிறதா என்று கேட்டான்.

"ஒவ்" என்றார் ரீச்சர். ஓம் என்பதைச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். மற்றவனையும் கூப்பிட்டுக் காட்டினான் அவன். பிறகு ரீச்சர் அந்த வழியால் போகும்போதெல்லாம் வாளிக்குள் எட்டிப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பான். சில மாதங்களின் பின் ஒருநாள் அவன் அங்கே இல்லை. ரீச்சர் நின்று மற்றவர்களிடம் விசாரித்தார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று அவர் வாளியைச் சுமந்துகொண்டு மிக மெதுவாக நடந்தார்.

தெற்குக் கடலில் தண்ணீர் சூடாகி முருகைக்கற்கள் வெளுத்துச் சாகின்றன என்று பத்திரிகையில் வந்த வருடம், அவரை வேறொரு ஆளாகக் கண்டேன். சாப்பாட்டில் மனமில்லை. ஆய்வுகூடத்து வெப்பமானியைக் கொண்டுபோய்க் கரைத் தண்ணீரில் பிடித்துப் பார்ப்பார், காவலாளி விசிலடித்து விரட்டும்வரை. "பக்கத்து வீட்டில வருத்தம் எண்டால் போய்ப் பாத்திட்டு வரலாம். இது உயிரோட கிடக்குதோ செத்துப்போச்சோ எண்டு அறிய வழியில்லாமக் கிடக்கு" என்றார். நிலாவெளிப் பஸ்ஸில் வரும் மீன்காரரிடமெல்லாம், வலையில் சிக்கிய முருகைக்கல் என்ன நிறம் என்று கேட்டார். அவர்கள் சிரித்தார்கள்.

அந்த நாட்களில்தான் மூதூர்ப் பக்கமிருந்து ஷெல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சமூகக்கல்வி மாஸ்டர் ஒருநாள் பொறுமை இழந்து, "மனுசர் சாகிற நேரத்தில நீங்கள் கல்லுக்கு அழுறியள், ரீச்சர்" என்றார். ரீச்சர் கோபிக்கவில்லை. "நான் அழேல்லை, மாஸ்டர். சுகம் விசாரிக்கிறன்" என்றார். பிறகு மாஸ்டரின் மூதூர்த் தங்கச்சி வீட்டிலிருந்து தகவல் வந்ததா என்றும் விசாரித்தார். அந்தத் தங்கச்சியைப் பற்றி அங்கே வேறு யாரும் அதுவரை கேட்டிருக்கவில்லை.

கடைசியில் செய்தி கொண்டுவந்தவர் கல்லுடைக்கிற தகப்பனார்தான். ரீச்சர் அவரை வாசலில் நிறுத்தி வைத்து, இடைவேளை முழுக்கக் கேள்வி கேட்டார்.

"நிறம் இருக்கு, ரீச்சர்."

"எந்த நிறம்? விளக்கமாச் சொல்லுங்கோ."

"பழுப்பு. பச்சை கலந்த பழுப்பு. மான்கொம்பு மாதிரி இருக்கிறதுக்கு நுனி மட்டும் ஊதா. வெள்ளையாப் போனது அங்கொண்டு இங்கொண்டுதான். மற்றதெல்லாம் உயிரோட கிடக்கு."

ரீச்சர் மதிலைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் நல்லாயிருக்க வேணும், அண்ணை" என்றார். தகப்பனார் தலை குனிந்து, வெட்டுக்காயம் நிறைந்த தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரீச்சர் இப்போது இல்லை. யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு, ஓய்வுபெற்றுக் கொழும்பில் தங்கை வீட்டுக்குப் போனார். அங்கே நோயில் காலமானார். நான் அப்போது மறுபடி மாற்றலாகி வவுனியாவில் இருந்தேன். செய்தி வந்துசேர முன்னமே எல்லாம் முடிந்திருந்தது. அவரை நினைக்கும்போது நோயாளியாக நினைக்க எனக்கு வருவதில்லை. நடுவில் வந்த சமாதான காலத்து ஒரு காலைதான் வருகிறது.

பாதைகள் திறந்து, கடலும் கொஞ்சம் திறந்திருந்தது. தகப்பனார் சூளை வேலையை விட்டுவிட்டு, இயந்திரம் பூட்டிய ஒரு படகு வைத்திருந்தார். மகள் ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஒருநாள் ரீச்சரின் வீட்டுக்கு வந்து, "வாங்கோ, புறாமலைக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். ரீச்சர் என்னையும் இழுத்தார். வாழ்நாளில் முதன்முறையாகச் சல்வார் உடுத்தியிருந்தார். நிலாவெளியில் ஒரு விடுதியில் நீருக்குள் பார்க்கும் கண்ணாடி ஒன்றை இரவல் வாங்கினோம். படகில் லொறி டயரின் டியூப் ஒன்று கிடந்தது.

புறாமலைக்குப் பக்கத்தில், மணல் தரையில் தகப்பனார் நங்கூரத்தைப் போட்டார். ரீச்சர் டியூபை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தகப்பனார் பக்கத்தில் நீந்தியபடி டியூபைப் பிடித்துக்கொண்டார். ரீச்சர் கண்ணாடியோடு முகத்தைத் தண்ணீரில் வைத்தார். மூச்சுக்காக எடுத்தார். மறுபடி வைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் படகில் இருந்து அவருடைய நரைத்த பின்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "புத்தகத்தில நிறத்தைப் பிழையாப் போட்டிருக்கிறாங்கள்."

கண்ணாடியை எனக்குத் தந்தார். நான் படகின் விளிம்பைப் பிடித்தபடி முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தேன். மான்கொம்புகளின் காடு. அதற்குள் நீலமும் மஞ்சளுமாக மீன்கள், சந்தையில் சனம் போல. கிளிமீன் ஒன்று கல்லைக் கொறிக்கும் சத்தம் முறுக்குக் கடிப்பதுபோலக் காதுக்குக் கேட்டது. பாறையின் நிழல்பக்கத்தில், நான் தேநீர் மேசையில் பார்த்த அந்தச் செம்மஞ்சள் விரல்கள், ஒரு தோட்டமாகவே நின்றன. கடலுக்குப் பயப்பட நான் மறந்துபோனேன்.

"இனி நீங்கள் உடைச்ச இடத்துக்குப் போவம்" என்றார் ரீச்சர்.

தகப்பனாரின் முகம் மாறியது. "அங்க பாக்க ஒண்டுமில்லை, ரீச்சர்."

"பரவாயில்லை. போவம்."

"வேண்டாம் ரீச்சர். நான் அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் போறதில்லை."

"நான் உங்களைக் குற்றம் சொல்லக் கேக்கேல்லை, அண்ணை. அங்க என்ன இருக்கெண்டு பாக்கத்தான்."

அவர் இயந்திரத்தை முடுக்கினார். கரையோரமாகச் சிறிது தூரம் போய் நிறுத்தினார். கெடுவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்பதுபோல, பாராமலே நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். மேலிருந்து பார்க்கவே தெரிந்தது. காடு இல்லை. சாம்பல் நிறத்தில் உடைசல்கள் மட்டும், இடிந்த தெரு மாதிரி.

ரீச்சர் மறுபடியும் இறங்கினார். தகப்பனார் டியூபைப் பிடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார். நேரம் போனது. ரீச்சர் முகத்தை எடுக்கவே இல்லை என்று எனக்குப் பட்டது. திடீரென்று நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

"நீங்கள் பாருங்கோ."

"எனக்கு வேண்டாம்."

"பாருங்கோ எண்டுறன்!"

முகாமில் அவர் போட நினைத்துப் போடாமல் விட்ட சண்டையின் குரல் அது. தகப்பனார் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். நானும் படகிலிருந்து உற்றுப் பார்த்தேன். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு உடைந்த கற்களின் மேல் அங்கங்கே தீற்றியதுபோல நிறங்கள் தெரிந்தன. செம்மஞ்சள், ஊதா, கரும்பச்சை. உடைசல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு கடற்பஞ்சுகள் படர்ந்திருந்தன. ரீச்சர் விரலால் காட்டிக் காட்டிக் கதைத்தார். சில கற்களில், சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பு நிறப் புள்ளிகள் இருக்கின்றன, அவை புதிதாக வந்து ஒட்டிய முருகைக் குஞ்சுகள் என்றார்.

தகப்பனார் நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை. எடுத்தபோது கண்ணாடிக்குள் அவருடைய கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீராலும் இருக்கலாம்.

"உது பழையபடி வர எவ்வளவு காலம் எடுக்கும், ரீச்சர்?"

"எங்கட காலத்தில வராது, அண்ணை. உங்கட பேரப்பிள்ளையள் பாப்பினம். அதுவும் ஆரும் உடைக்காமல் விட்டால்."

அவர் தலையாட்டினார். ரீச்சரைத் தூக்கிப் படகில் ஏற்றிவிட்டார். வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றேன் நான். வழக்கமாகத் தகப்பனார் படகில் நின்றுகொண்டே நங்கூரக் கயிற்றை இழுப்பார். அது அடியில் உள்ளவற்றில் கொளுவி, இழுபட்டு, பெயர்த்துக்கொண்டு வரும். இப்போது கயிற்றைத் தொடவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, கயிற்றின் வழியே தலைகீழாக உள்ளே போனார்.

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். அடியில் அவர் நங்கூரத்தின் ஒவ்வொரு கொழுக்கியையும் கையாலேயே விடுவிப்பது மங்கலாகத் தெரிந்தது. ஒரு கல்லைக்கூட அசைக்காமல் அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மறு கையால் கயிற்றைப் பிடித்து மேலே வந்தார். மூச்சு வாங்கியபடி அதை உயர்த்த முயன்றார். பாரம் அவரைக் கீழே இழுத்தது.

நீந்தத் தெரியாத ரீச்சர் படகு சரிய விளிம்பில் வயிற்றைப் பதித்துக் குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டி, துருவும் சேறுமாக இருந்த அந்த நங்கூரத்தை வாங்கிக்கொண்டார்.